‘ஹை’ என்றால் சம்மதம் ஆகிவிடாது: ஜப்பானியரோடு வேலை பேசும் முறை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீ சிட்டி பக்கம் ஜப்பான் கம்பெனியிலோ அதற்குப் பார்ட் செய்து கொடுக்கும் ஆலையிலோ சேருகிறவருக்கு முதல் நாளே ஓர் அறிவுரை கிடைத்துவிடும்: “அவங்க எதையும் நேரடியா சொல்ல மாட்டாங்க, பார்த்து நடந்துக்கோ.” இது பாதி உண்மைதான். நாம் மட்டும் என்ன, எல்லாவற்றையும் நேரடியாகச் சொல்லிவிடுகிறோமா? கடன் கேட்டவரிடம் “பார்க்கலாம்” என்றால் கிடைக்காது என்று கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். பத்திரிகை வைக்க வந்தவரிடம் “கண்டிப்பா வந்துடறோம்” என்கிற எல்லோருமா மண்டபத்துக்கு வருகிறார்கள்?

இரண்டு ஊரிலும் சுற்றி வளைப்பது உண்டு. வளைக்கும் இடம்தான் வேறு. ஜப்பானியர் மறுப்பைச் சுற்றி வளைப்பார்கள். கெட்ட செய்தி மட்டும் உடனே, நேராக வரவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். நாம் கெட்ட செய்தியைத்தான் தள்ளிப்போடுகிறோம். “ஆயிடும் சார்” என்று சொல்லி அடுத்த நாளைப் பார்ப்போம். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்த பிறகு அதைச் சுற்றி வளர்ந்த தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த உரசல் பழக்கமானது. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆனால் ஆங்கிலத்துக்கு அடியில் ஒரு பக்கம் ஜப்பானிய மொழியும் மறுபக்கம் தமிழும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த அடி ஓட்டத்தைப் பிடிப்பதற்கான வழிகளைத்தான் கீழே சொல்கிறோம்.

உம் கொட்டுதலும் தலையாட்டலும்

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே இருப்பவர் சில விநாடிக்கு ஒரு தரம் “ஹை… ஹை… சோ டெஸ் நே…” (“ஆமா… ஆமா… அப்படித்தானே…”) என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாட்டி கதை சொல்ல, பேரன் ‘உம்’ கொட்டுவது போலத்தான் இது. காது உங்களிடம் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. இதை ‘ஐஸுச்சி’ என்பார்கள். கொல்லன் பட்டறையில் ஆசான் ஓர் அடி அடிக்க, எதிரில் நிற்கும் சீடன் மறு அடி போடும் மாற்றுச் சம்மட்டிக்குத்தான் அந்தப் பெயர். விலை குறைப்பைப் பற்றி 20 நிமிஷம் பேசினீர்கள், அவர் 40 தடவை ‘ஹை’ சொன்னார் என்றால், 40 தடவை கேட்டுக்கொண்டார் என்றுதான் கணக்கு. மீட்டிங் குறிப்பில் “கஸ்டமர் ஒப்புக்கொண்டார்” என்று எழுதிவிடாதீர்கள்.

இந்தக் கடமை உங்களுக்கும் உண்டு. நம்மவர்கள் மரியாதையாக வாயை மூடிக் கேட்பார்கள். போனில் அப்படி இருந்தால் மறுமுனையில் பேச்சு நின்று, “மொஷி மொஷி?” என்று லைன் இருக்கிறதா எனக் கேட்பார்கள். ஒவ்வொரு வாக்கியமும் முடியும் இடத்தில் ஒரு ‘ஹை’ அல்லது ‘யெஸ்’ போடுங்கள். ‘நருஹோதோ’ (“அப்படியா, புரியுது”) என்ற சொல்லைப் பழகிக்கொண்டு பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டாம். மேலிருந்து தட்டிக்கொடுப்பது போலச் சிலருக்குக் கேட்கும்.

தலையாட்டல் இதைவிடச் சிக்கல். நாம் தலையை இடமும் வலமுமாகச் சாய்த்து ஆட்டினால் ‘சரி’. ஜப்பானில் தலையை ஒரு பக்கம் சாய்த்தால் ‘புரியலையே, சந்தேகமா இருக்கே’ என்று பொருள். ஆகவே தப்பு இரண்டு பக்கமும் நடக்கும். டிராயிங்கைக் காட்டி “முடியுமா?” என்று கேட்ட ஜப்பான் எஞ்சினியர், நம் ஆள் தலை அசைவதைப் பார்த்து “இவருக்குச் சந்தேகம்” என்று மறுபடியும் முதலிலிருந்து விளக்குவார். அவர் தலையைச் சாய்த்து “சோ டெஸ் நே…” என்று இழுக்கும்போது நம் ஆள் “சரின்னுட்டார்” என்று வேலையை ஆரம்பித்துவிடுவார். அவர்களோடு பேசும்போது தலையை மேலும் கீழுமாக மட்டும் ஆட்டுங்கள். கூடவே வாயாலும் சொல்லுங்கள். முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை விசிறி போல ஆட்டினால் ‘இல்லை, வேண்டாம்’ என்று அர்த்தம்.

எதிர்மறைக் கேள்வியில் ஒரு கண்ணி இருக்கிறது. “நாளைக்கு சாம்பிள் வராதா?” என்று தமிழில் கேட்டால், வராது என்பவர் “ஆமா, வராது” என்பார். ஜப்பானிய மொழியிலும் அப்படியேதான்: “ஹை, கிமாசென்.” ஆங்கிலத்தில் மட்டும் இது “நோ” ஆகிறது. ஆங்கில இலக்கணம் படித்த நம் ஆள் “நோ” என்பார். தன் மொழிப்படி கேட்கும் ஜப்பானியர் “நான் சொன்னது தப்பு, அப்போ சாம்பிள் வருது” என்று எடுத்துக்கொள்வார். இதற்கு இரண்டு மருந்து. கேள்வியை எதிர்மறையில் கேட்காதீர்கள். பதிலை யெஸ், நோவோடு விடாமல் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: “சாம்பிள் வியாழக்கிழமை வரும்.”

சம்மதம்தானா என்று உறுதி செய்ய, ‘ஹை’ என்று பதில் சொல்லவே முடியாத கேள்வியாகக் கேட்க வேண்டும். “இது ஓகேவா?” என்று கேட்டுப் பயனில்லை. “எந்த லாட்டிலிருந்து மாத்தலாம்?”, “உங்க பக்கம் யார் அப்ரூவ் பண்ணணும்?” என்று கேளுங்கள். தேதியும் பெயரும் வந்தால் விஷயம் உயிரோடு இருக்கிறது.

மறுப்பு வரும் உருவங்கள்

“முஸுகஷீ டெஸ் நே.” அகராதியில் இதற்குக் ‘கஷ்டம்’ என்று இருக்கும். ஆங்கிலத்தில் “இட் இஸ் டிஃபிகல்ட்” என்று வரும். நம் காதுக்கு “கஷ்டம்தான், முயற்சி பண்ணலாம்” என்று கேட்கிறது. உண்மையில் வேலைப் பேச்சில் பெரும்பாலும் இது சாத்தப்பட்ட கதவு. “கஷ்டமா இருந்தாலும் கொஞ்சம் ட்ரை பண்ணுங்க சார்” என்று இரண்டாம் முறை கேட்டால், ஏற்கெனவே இல்லை என்று சொன்னவரை நெருக்குவதாக ஆகிவிடும். நிபந்தனையை மாற்றிக் கேட்பதே சரியான அடுத்த அடி: “எதை மாத்தினா சாத்தியமாகும்? அளவா, தேதியா, விலையா?” இதற்குப் பதில் வந்தால் ஜன்னல் ஒன்று திறந்திருக்கிறது. பதிலே இல்லாமல் மூச்சை மட்டும் பல்லிடுக்கில் “ஸ்ஸ்…” என்று இழுத்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

“கென்தோ ஷிமாஸ்” என்றால் பரிசீலிக்கிறோம் என்று பொருள். நம்மூர் ‘பார்க்கலாம்’தான். உண்மையாகவே பரிசீலிப்பதும் உண்டு, நாசூக்காக முடித்துக்கொள்வதும் உண்டு. பிரித்தறிய ஒரு வழி: “எப்போ திரும்பப் பேசலாம்?” என்று கேளுங்கள். “அடுத்த புதன்கிழமைக்குள் சொல்றேன்” என்றால் நிஜம். “நாங்களே தொடர்பு கொள்றோம்” என்றால் வேறு சப்ளையரையோ வேறு வழியையோ தேடத் தொடங்கலாம். ‘கங்காயெதெ ஒகிமாஸ்’ (யோசித்து வைக்கிறேன்) இன்னும் ஒரு படி கீழே. அதிலும் ஒசாகாக்காரர் வாயிலிருந்து வந்தால் மறுப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். கியோத்தோக்காரர்களின் மறைமொழியைப் பற்றி ஜப்பானியர்களே வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். அங்கே விருந்தாளியிடம் “சாஸுகெ சாப்பிடறீங்களா?” (சோற்றில் தேநீர் ஊற்றிய எளிய உணவு) என்று கேட்டால் கிளம்பும் நேரமாகிவிட்டது என்று அர்த்தம் என ஊரறிந்த பேச்சு உண்டு.

“மொச்சிகாயேரிமாஸ்” என்பதை மறுப்போடு சேர்க்கக் கூடாது. ‘கையோடு எடுத்துப் போகிறேன்’ என்பது சொற்பொருள். அந்த இடத்திலேயே முடிவு சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை, ஆபீஸில் கேட்டுத்தான் சொல்ல முடியும், அவ்வளவுதான். “நீங்களே டிசைட் பண்ணலாமே” என்று அவரைத் தள்ளினால் அவருக்குத் தர்மசங்கடம். எடுத்துப் போக வசதியாக ஒரு பக்கக் காகிதத்தில் விஷயத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது “ச்சொத்தோ…”. ‘கொஞ்சம்’ என்று பொருள். “அந்தத் தேதி கொஞ்சம்…” என்று அப்படியே நிற்கும். இங்கே தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி. இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வருகிறது; ‘முடியும்’, ‘முடியாது’ என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கும். நாமும் “வரணும்னுதான் இருந்தேன், ஆனா…” என்று வாலை வெட்டிவிட்டு மீதியை எதிராளியிடம் விடுகிறோம் அல்லவா? ஜப்பானியர் ஆங்கிலத்தில் பேசும்போதும் “பட்…” என்று நிறுத்தினால் அங்கே வெட்டப்பட்டது ‘முடியாது’தான். மீதியைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

‘கெக்கோ டெஸ்’, ‘டைஜோபு டெஸ்’ இரண்டும் நம் ‘பரவாயில்லை’ போல இருபுறமும் வெட்டும். “காபி சாப்பிடறீங்களா?” என்பதற்கு “டைஜோபு டெஸ்” என்றால் வேண்டாம். “இந்த நிறம் சரியா?” என்பதற்கு அதையே சொன்னால் சரி. கையைப் பாருங்கள், விசிறினால் வேண்டாம்.

நாம் மறுக்கும்போது எப்படி? பெரியவர் கேட்டுவிட்டார், முகத்துக்கு நேரே முடியாது என்று எப்படிச் சொல்வது என்று “சரி சார்” சொல்லிவிடுவதுதான் நம் பக்கத்தில் அதிகச் சேதம் உண்டாக்கும் பழக்கம். ஜப்பானியத் தொழிற்சாலையில் ஒரு தேதியைச் சொல்லிவிட்டால் அதை வைத்து அவர்கள் லாரி, லைன், ஆள் எல்லாவற்றையும் அடுக்கிவிடுவார்கள். நாம் மரியாதைக்குச் சொன்ன ‘சரி’யின் மேல் ஒரு முழு வாரத் திட்டம் ஏறி உட்கார்ந்திருக்கும். முதலில் ஒரு மன்னிப்பு, பிறகு காரணம் ஒரு வரியில், உடனே மாற்று வழி: “மன்னிக்கணும். 10-ஆம் தேதிக்கு 500 முடியாது, ஒரு மெஷின் பராமரிப்பில் இருக்கு. 10-க்கு 300, 14-க்கு மீதி 200 தர முடியும்.” இப்படிச் சொன்ன சப்ளையரின் மேல் மதிப்பு குறையாது.

கெட்ட செய்தியை முதலில் சொல்வது

ஹோரென்சோ என்றால் ஜப்பானிய மொழியில் பசலைக்கீரை. ஹோகொகு (அறிக்கை தருவது), ரென்ராகு (தகவல் தெரிவிப்பது), சோதான் (கலந்து கேட்பது) மூன்றின் முதல் பகுதிகளைச் சேர்த்தாலும் ஹோரென்சோ. 1980-களில் யமதானே செக்யூரிட்டீஸ் தலைவர் தொமிஜி யமசாகி தன் நிறுவனத்தில் இதை ஓர் இயக்கமாக நடத்த, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. இன்று புதிதாக வேலைக்குச் சேரும் எந்த ஜப்பானிய இளைஞருக்கும் சொல்லித் தரப்படும் பாடம் இது.

இதில் எழுதாத விதி ஒன்று: கெட்ட செய்தி எவ்வளவு பெரிதோ அவ்வளவு சீக்கிரம் வரவேண்டும். நம் பழக்கம் நேர் எதிர். பிரச்சினையைச் சரி செய்துவிட்டுச் சொல்லலாம், இல்லாவிட்டால் சார் டென்ஷன் ஆவார் என்று நினைக்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அவர்கள் கண்ணில் அது மறைத்ததாக விழுகிறது. மோல்டு (பார்ட் வார்க்கும் அச்சு) உடைந்ததை அவர்கள் மன்னித்துவிடுவார்கள்; அதை ஆறு மணி நேரம் சொல்லாமல் இருந்ததை வருடக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார்கள்.

நம்மிடமிருந்து போகும் வழக்கமான செய்தி இப்படி இருக்கும்: “சார், மோல்டுல ஒரு சின்ன ப்ராப்ளம், டீம் பார்த்துட்டு இருக்காங்க, சீக்கிரம் சரியாயிடும்.” இதில் எண் இல்லை, நேரம் இல்லை, பார்ட் எங்கே இருக்கிறது என்ற தகவலும் இல்லை. ‘சின்ன’, ‘சீக்கிரம்’ என்ற இரண்டு சொல்லும் அவர்களைக் கலவரப்படுத்தும். அதே செய்தியை இப்படி அனுப்பிப் பாருங்கள்:

“தலைப்பு: அவசரம். ஜூன் 12 அனுப்ப வேண்டிய பார்ட்டில் 800 தாமதம்.
மன்னிக்கவும். ஜூன் 12 (வியாழன்) போக வேண்டிய 2,000-இல் 1,200 மட்டும் போகும். மீதி 800 ஜூன் 16 (திங்கள்) போகும்.
காரணம்: மோல்டின் 2-ஆம் கேவிட்டியில் வெடிப்பு. இன்று காலை 10:40-க்குக் கண்டோம்.
செய்தது: மோல்டை நிறுத்தினோம். காலை 6:00 முதல் வந்த 640 பார்ட்டையும் தனியே பூட்டி வைத்தோம்.
இன்னும் தெரியாதது: நேற்று இரவு ஷிஃப்ட் பார்ட்டில் பாதிப்பு உண்டா என்பது. சோதனை நடக்கிறது.
அடுத்த தகவல்: இன்று ஜப்பான் நேரம் 17:00.”

வரிசையைக் கவனியுங்கள். மன்னிப்பும் முடிவும் மேலே. காரணத்தை முதலில் வைத்தால், அது உண்மையே ஆனாலும் ‘ஈவாகெ’, அதாவது சாக்கு, ஆகிவிடும். மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகி நஷ்ட ஈடு கட்ட வேண்டி வருமோ என்று நம் மேனேஜர்கள் சிலர் தயங்குவார்கள். அவர்களிடம் ‘மோஷிவாகெ கொஸாய்மாசென்’ என்பது “உங்களைச் சிரமப்படுத்திவிட்டேன்” என்ற அளவில்தான் நிற்கும்; பழி யாருடையது என்ற பேச்சு தனி. ‘இன்னும் தெரியாதது’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மொத்தச் செய்தியிலும் நம்பிக்கையைக் கூட்டுவது அந்த ஒரு வரி. அடுத்த தகவலுக்கு நேரம் குறித்தால், புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு “இன்னும் சோதனை முடியவில்லை, அடுத்து 19:00” என்று ஒரு வரி போக வேண்டும். “அது என்னாச்சு?” என்று அவர் கேட்கும்படி வைத்தால் உங்கள் ஹோரென்சோ தாமதம்.

இதன் பின்னாலேயே ‘நஸெ’ வரும். ‘ஏன்’ என்று பொருள். டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ வலியுறுத்திய முறைப்படி ஐந்து தடவை ஏன், ஏன் என்று தோண்டுவார்கள். தமிழில் ‘ஏன்’ என்று அடுத்தடுத்துக் கேட்டால் அது திட்டு. “ஏன் இப்படிப் பண்ணின?” என்று கேட்டால் நாம் தலை குனிந்து நிற்போம் அல்லது பக்கத்தில் இருப்பவர் பெயரைச் சொல்வோம். இங்கே ஏன் என்பது மெஷினையும் முறையையும் பார்த்துக் கேட்பது. “ஆபரேட்டர் கவனக்குறைவு, ட்ரெயினிங் கொடுத்துட்டோம்” என்ற பதில் நிற்காது, “கவனம் தப்பினாலும் தவறான பார்ட் வெளியே போக முடிந்தது ஏன்?” என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதிலை பார்ட் விழும் இடத்துக்கே போய், விழுந்த பார்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிய பதிலை அவர்கள் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கலந்து கேட்பதில் நமக்கு இன்னொரு கூச்சம் உண்டு: கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ? தாராளமாகக் கேளுங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். “இரண்டு வழி இருக்கு, எனக்கு முதல் வழி சரின்னு படுது, இந்தக் காரணத்தால். உங்க கருத்து?”

நேரமும் எண்ணும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. ஜப்பான் நம்மைவிட 3 மணி 30 நிமிஷம் முன்னால் இருக்கிறது. “இன்னைக்கு ஈவினிங் அனுப்பிடறேன்” என்று சொல்லிவிட்டு நம் மாலை 6 மணிக்கு அனுப்பினால் அங்கே இரவு 9:30. அவர் நாள் முழுக்கக் காத்திருந்திருப்பார். அவர்களின் வேலை நேரம் முடியும் 17:30 நமக்குப் பிற்பகல் 2 மணி. காலையில் வந்ததும் போன் போடும் 8:30 முதல் 9:30 வரை அவர்களின் மதிய உணவு வேளை. கெடு சொல்லும்போது தேதி, கிழமை, ஜப்பான் நேரம் மூன்றையும் எழுதுங்கள். 05/04 என்று எழுதினால் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் படித்துப் பழகியவர் மே 4 என்று படிக்க இடமுண்டு. மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள். எண்ணிக்கையில் அவர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக, ‘மான்’ என்று எண்ணுவார்கள். நம் 1 லட்சம் அவர்களுக்கு 10 மான். அவர்களின் 1 ‘ஒகு’ நமக்கு 10 கோடி. லட்சத்தை ஆங்கில மில்லியனாக்கி, மில்லியனை மானாக்கும் இரண்டு தாவலில் ஒரு பூஜ்யம் விழுவது சாதாரணம். விலையைப் பலகையில் முழு இலக்கமாக எழுதிக் காட்டிவிட்டுப் பேசுங்கள். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையிலான விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒபோன் (முன்னோரை நினைக்கும் விழா), புத்தாண்டையொட்டிய நாட்கள், இவற்றுக்கு முன் அப்ரூவல் வாங்காவிட்டால் ஒரு வாரம் போச்சு.

மீட்டிங்குக்கு முன் நடக்கும் மீட்டிங்

மரத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதற்கு முன் சுற்றிலும் தோண்டி வேர்களைப் பக்குவப்படுத்துவதற்கு ‘நெமவாஷி’ என்று பெயர். அலுவலகத்தில், மீட்டிங்குக்கு முன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து விஷயத்தைக் காதில் போட்டு, ஆட்சேபணையைக் கேட்டு வாங்கிவருவது. நம்மவர்கள் அசத்தலான ஸ்லைடு தயாரித்து நேரே மீட்டிங்கில் வைத்து, “எல்லாரும் அமைதியா இருந்தாங்க, ஓகே போல” என்று வெளியே வருவார்கள். பத்துப் பேர் முன்னால் முதல் முறையாக ஒரு யோசனையைக் கேட்டால் அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

குவாலிட்டி, ப்ரொடக்‌ஷன், பர்ச்சேஸ் என்று தொடப்படும் ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள். நாலைந்து நாள் முன்பே பத்து நிமிஷம் கேட்டு, ஒரு தாளில் எல்லாம் அடங்கிய குறிப்போடு போங்கள். “இதில் உங்களுக்கு என்ன சிரமம் வரும்?” என்று கேளுங்கள். அவர் சொன்னதைத் திருத்திய தாளில் சேர்த்து மறுபடி காட்டுங்கள். மிக மூத்தவரிடம் கடைசியாகப் போங்கள், அப்போது மற்றவர்கள் கருத்து உங்கள் கையில் இருக்கும். அதன் பிறகு அந்தத் தாள் ‘ரிங்கி’யாகச் சுற்றுக்குப் போய் ஒவ்வொருவர் முத்திரையும் வாங்கிவரும். இதற்கு வாரங்கள் ஆகும். ஆனால் முத்திரை விழுந்த பிறகு வேலை நிற்காமல் ஓடும். நம்மிடம் முடிவு ஒரே நாளில் வந்துவிடும், வேலைதான் வாரக்கணக்கில் இழுக்கும். எங்கே நேரம் செலவாகிறது என்ற வித்தியாசம்தான்.

மீட்டிங்கில் கேள்வி கேட்டுவிட்டு வரும் மௌனத்தை நிரப்பாதீர்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தைத் தாங்காமல் “விலை வேணா இன்னும் 2 சதவீதம் குறைக்கலாம்” என்று நாமே இறங்கிவந்த பேரங்கள் நிறைய.

அகமும் புறமும்

அகம் என்றால் தமிழில் உள்ளும் ஆகும், வீடும் ஆகும். ஜப்பானிய ‘உச்சி’யும் அப்படியே. புறம் ‘ஸொதோ’. அவர்களின் மரியாதை இந்தக் கோட்டைப் பொறுத்து இடம் மாறும். தமிழரை அதிகம் தடுக்கி விழவைப்பது இதுதான்.

நமக்கு மேலதிகாரி எப்போதும் மேலதிகாரி. அவரைப் பற்றி யாரிடம் பேசினாலும் “சார் வெளியே போயிருக்கார்” என்போம். ஜப்பானிய மொழியில், கம்பெனிக்குள் ‘தனாகா-புச்சோ’ (துறைத் தலைவர் தனாகா) என்று அழைக்கும் அதே மனிதரை, வெளியிலிருந்து கஸ்டமர் போனில் கேட்டால் வெறும் ‘தனாகா’ என்றுதான் சொல்ல வேண்டும்: “தனாகா வா தாதாயிமா செகி ஒ ஹஸுஷிதெ ஒரிமாஸ்.” தனாகா இப்போது இடத்தில் இல்லை என்று பொருள், வினையும் தன் பக்கத்தைத் தாழ்த்தும் வினை. கஸ்டமருக்கு எதிரில் நம் கம்பெனி முழுக்க அகம், அகத்தை உயர்த்திப் பேசக் கூடாது. பாஸை மொட்டையாகப் பெயர் சொல்லத் தமிழருக்கு நாக்கு கூசும். கூசினாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை விகுதியைச் சேர்த்தால் கஸ்டமரைவிட நம் ஆளை மேலே வைத்ததாகிவிடும். ஆங்கிலத்தில் பேசும்போது இவ்வளவு கறார் இல்லை. ‘தனாகா-சான்’ என்றாலும் பொறுத்துக்கொள்வார்கள். போன் எடுக்கும் வேலையில் இருப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது மனப்பாடம் செய்துவிடலாம். மரியாதை மொழியான ‘கெய்கொ’ முழுவதையும் பிடிக்க ஆண்டுகள் ஆகும். 2007-இல் அவர்களின் கலாசார மன்றம் வெளியிட்ட வழிகாட்டுதலில் அது ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டது. ஜப்பானிய இளைஞர்களே அதற்குப் பயிற்சி எடுத்துக்கொள்கிறார்கள்.

‘சான்’ மற்றவர் பெயருக்குத்தான், தன் பெயருக்கு ஒருபோதும் கூடாது. நம் பெயர்களில் வேறொரு குழப்பம். அவர்கள் குடும்பப் பெயரை வைத்து அழைப்பவர்கள். நமக்கோ குடும்பப் பெயரே இல்லை. பாஸ்போர்ட்டில் கடைசியாக இருக்கும் அப்பா பெயரைப் பிடித்துக்கொண்டு ‘செல்வம்-சான்’ என்று முருகனை அழைப்பார்கள். மெயில் கையொப்பத்திலேயே “என்னை முருகன் என்று அழைக்கவும்” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் அந்தப் பெயரை, வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகானா எழுத்தில் அச்சடியுங்கள். கணேசன், வெங்கடேசன் போன்ற பெயர்களில் கடைசி ‘சன்’னை மரியாதை விகுதியாக எடுத்துக்கொண்டு ‘கணே’தான் பெயர் என்று நினைக்க வாய்ப்பு அதிகம். கதகானா அதைத் தீர்த்துவிடும்.

கார்டு, மெயில், விருந்து

கார்டை நின்றுகொண்டு, எழுத்து அவருக்கு நேராகப் படிக்கும்படி, இரு கையாலும் கொடுக்க வேண்டும். வந்தவரும் பதவியில் சிறியவரும் முதலில் நீட்டுவார்கள். இருவரும் ஒரே நேரத்தில் நீட்டினால் வலக்கையால் கொடுத்து, இடக்கையில் உள்ள கார்டு உறையின் மேல் வாங்கி, உடனே வலக்கையையும் சேர்த்துப் பிடியுங்கள். இடக்கையால் வாங்குகிறோமே என்ற கூச்சம் அங்கே தேவையில்லை. வாங்கியதைப் படித்து, பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்லி, மேசையில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். பேசும்போது பெயர் மறக்காது. அவர் எதிரில் அதன் மேல் எதுவும் எழுதவோ பின் பாக்கெட்டில் சொருகவோ கூடாது. கதவுக்குத் தூரமான இருக்கை விருந்தாளிக்கு, கதவோரம் அழைத்தவருக்கு.

மெயிலில் வெளியாருக்கு ‘இஸுமோ ஒசெவா நி நத்தெ ஒரிமாஸ்’ (எப்போதும் உங்கள் ஆதரவுக்கு நன்றி) என்றும், உள்ளே இருப்பவர்களுக்கு ‘ஒட்ஸுகாரெசாமா டெஸ்’ (உங்கள் உழைப்புக்கு நன்றி) என்றும் தொடங்குவார்கள். அதே பொருளில் வரும் ‘கொகுரோசாமா’ மேலிருந்து கீழே சொல்வது, மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள். உத்தரவை ஏற்றுக்கொள்ளும்போது ‘ரியோகாய்’க்குப் (சரி, புரிந்தது) பதில் அதையே பணிவாகச் சொல்லும் ‘ஷோச்சி ஷிமாஷிதா’ பாதுகாப்பானது.

“கல்யாணம் ஆச்சா? எத்தனை பசங்க?” என்பது நமக்கு அக்கறை, அங்கே முதல் சந்திப்பில் அது எல்லை மீறல். ஊர், ரயில், சாப்பாடு, பருவம் பற்றிப் பேசலாம். மாலை விருந்துக்கு அழைத்தால் போங்கள். மீட்டிங்கில் மூச்சை மட்டும் இழுத்தவர் உண்மைக் காரணத்தை அங்கேதான் சொல்வார். குடிக்காதவர்கள் ஊலாங் தேநீர் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. “இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், மீன் தாஷியும் வேண்டாம்” என்று முன்பே எழுதி அனுப்புங்கள். காய்கறிக் குழம்பிலும் அந்த மீன் சாறு இருக்கும்.

விருந்து முடிந்து கிளம்பும்போது நன்றி சொல்கிறோம், நமக்கு அதோடு கணக்கு முடிந்தது. திரும்பத் திரும்பச் சொன்னால் “நமக்குள்ள என்ன நன்றி” என்று ஆகும். அங்கே நன்றி இரண்டு தவணை. மறுநாள் காலை வேலை மெயில் எதுவும் போகும் முன் ஒரு வரி போக வேண்டும். அடுத்த முறை நேரில் பார்க்கும்போது, இடையில் மூன்று வாரம் ஆகியிருந்தாலும், முதல் வாக்கியம் “சென்ஜிட்ஸு வா அரிகாதோ கொஸாய்மாஷிதா”, அன்றைக்குச் செய்ததற்கு நன்றி. விலைப் பேச்சை அதன் பிறகு எடுங்கள்.